மயிலாப்பூரிலிருந்து அயோவா வரை

அரபு மொழியில் பயணத்திற்கு 'ஸஃபர்' என்று பெயர். திரை விலகுதல், வெளிப்படுதல் என்பது அச்சொல்லின் வேரில் கிடக்கும் பொருள். பொழுது புலர்ந்து ஒளி பரவுவதையும், முகத்திரை நீங்கி முகம் தெரிவதையும் அதே வேரிலிருந்து பிறந்த சொற்களாலேயே அரபியர் குறிப்பர். மனிதரின் குணங்களை மூடியிருக்கும் திரையைப் பயணம் விலக்கிவிடுகிறது. ஆதலால்தான் அதற்கு அப்பெயர் வந்தது என்று மதரஸாவில் எங்கள் உஸ்தாதுமார் விளக்குவார்கள். உடன் வருபவரின் குணமும், போய்ச் சேர்ந்த ஊராரின் குணமும் பயணத்தில் தெரிந்துவிடும் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆனால் பயணம் போனவருக்குத் தம் சொந்த ஊரின் முகமே முதன்முதலாகத் தெரியவருவதும் உண்டு. அந்தப் பொருளை எனக்கு விளங்கவைத்தவள், என்னிடம் ஓதிய ஒரு பெண்பிள்ளை.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அவர்கள் குடியிருக்கிறார்கள். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகச் சென்னை வந்த குடும்பம். அத்தாவுக்குச் சிறியதொரு செருப்புக் கடை. பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்கு, 2022-ஆம் ஆண்டு, பதினாறு வயதில், அமெரிக்கா சென்று ஒரு கல்வியாண்டு ஒரு குடும்பத்தோடு தங்கி, அவ்வூர்ப் பள்ளியிலேயே படித்துத் திரும்பும் வாய்ப்புக் கிடைத்தது. செலவு முழுவதும் திட்டத்தாருடையது. செய்தி தெருவில் பரவியது. வாழ்த்தியவர்களைவிட எச்சரித்தவர்களே அதிகம்.

இத்தகைய மாணவர் பரிமாற்றங்கள் எவ்வாறு தோன்றின என்பதை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ளுதல் நலம். முதல் உலகப் போரின்போது, 1915-இல், பிரான்சு நாட்டுப் போர்முனையில் காயம்பட்டவர்களை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதற்காக அமெரிக்க இளைஞர்கள் சிலர் தாமாக முன்வந்து ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். அவர்களின் அமைப்பே அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ் என்பது, ஏ.எஃப்.எஸ். என்று சுருக்கி வழங்குவர். இரண்டாம் உலகப் போரிலும் அவ்வமைப்பினர் அதே பணியைச் செய்தனர். போர் முடிந்தபின் அவர்களுக்கு ஒரு சிந்தனை பிறந்தது. அடிபட்டபின் தூக்கிச் செல்வதைவிட, அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு வழி தேடுவது மேல் அல்லவா? அதற்கு, ஒரு நாட்டுப் பிள்ளை மற்றொரு நாட்டு வீட்டில் மகனாகவோ மகளாகவோ ஓராண்டு வாழ்ந்து பார்க்கட்டும் என்று, 1940-களின் இறுதியில் பள்ளி மாணவர்களை அழைக்கத் தொடங்கினர்.

1950-களிலும் 1960-களிலும் அத்திட்டத்திற்கு அழகான வழக்கம் ஒன்று இருந்தது. ஆண்டு முடிந்து பிள்ளைகள் தத்தம் நாடு திரும்புமுன், பல நாட்டாரையும் கலந்து ஒரே பேருந்தில் ஏற்றி, ஊர் ஊராக அழைத்துச் செல்வார்கள். வழியில் எந்தச் சிற்றூரில் இரவு வருகிறதோ, அவ்வூர்க் குடும்பங்கள் ஆளுக்கு ஓரிருவராக அவர்களைத் தம் வீட்டில் தங்கவைத்துக்கொள்ளும். பயணத்தின் இறுதியில் வாஷிங்டன் நகரில் எல்லாப் பேருந்துகளும் கூடும். 1960-களின் தொடக்கத்தில் ஜனாதிபதி கென்னடியே வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அப்பிள்ளைகளைச் சந்தித்துப் பேசியிருக்கிறார். ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் பேருந்துக்கு வந்து சேர்ந்தது, எண்ணிப் பார்த்தால், நீண்ட தூரந்தான்.

பிற்காலத்தில், 2001 செப்டம்பர் நிகழ்ச்சிகளுக்குப்பின், உலகெங்கும் முஸ்லிம் என்ற சொல்லே ஐயத்தோடு பார்க்கப்பட்ட நாட்களில், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கென்றே 2002-இல் அமெரிக்க அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கென்னடி, லூகர் என்னும் இரு செனட்டர்களின் பெயர் அதற்கு. இந்திய மாணவர்களும் அதில் சென்றிருக்கின்றனர். நம் பிள்ளை போனதும் அந்த வழியாகவே.

அவள் அத்தா என்னிடம் வந்து உட்கார்ந்த மாலையை நான் மறக்கவில்லை. "ஹஜ்ரத், அந்த வீட்டில் நாய் இருக்கிறதாம்" என்பதுதான் அவருடைய முதற்சொல். ஷாஃபிஈ மத்ஹபைப் பேணும் குடும்பம். நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த நீராக இருக்க வேண்டும் என்னும் சட்டத்தை மனப்பாடமாகச் சொல்லும் வீடு. உலர்ந்த நிலையில் உரசிப் போவதனால் அசுத்தம் ஒட்டாது. தொழுவதற்குத் தனி விரிப்பும் ஒரு சுத்தமான மூலையும் இருந்தால் போதும் என்று கிதாபில் உள்ளதைக் கூறினேன். அடுத்தது உணவு. பன்றியும் மதுவும் இல்லாமல் மீன், முட்டை, காய்கறி என்று பத்து மாதம் ஓட்டலாம். மூன்றாவதுதான் கடினமான வினா. மஹ்ரமான ஆண்துணை இல்லாமல் ஒரு பெண்பிள்ளை அவ்வளவு தூரம் போகலாமா?

இதில் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைக்காமல் எடுத்துரைத்தேன். துணையின்றிப் போதலைத் தடுக்கும் நபிமொழிகளும் உள்ளன. ஹீராவிலிருந்து ஒரு பெண் இறைவனையன்றி வேறெவருக்கும் அஞ்சாமல் கஃபாவரை தனியே வந்துபோகும் காலம் வரும் என்று பெருமானார் (ஸல்) நற்செய்தியாகச் சொன்ன நபிமொழியும் உள்ளது. வழியில் அச்சமின்மையும் நம்பிக்கைக்குரிய துணையும் இருந்தால் போதும் எனக் கொண்ட அறிஞரும் உளர். அதனை ஹஜ்ஜுக்கு மட்டும் உரியதாக நிறுத்திக்கொண்டோரும் உளர். "தீர்ப்பு உங்களுடையது; அவளை அறிந்தவர் நீங்கள்" என்றேன். அவர் மூன்று நாட்கள் இஸ்திகாரா தொழுதார். நான்காம் நாள் மகளுக்குக் குளிருக்கான கம்பளிச் சட்டை வாங்கப் போனார்.

அறிவு தேடி ஊர் விட்டு ஊர் போதல் நமக்குப் புதிதன்று. ஒரே ஒரு நபிமொழியைக் கேட்பதற்காக மாதக்கணக்கில் ஒட்டகத்தில் சென்றவர்களின் வழி வந்தவர்கள் நாம். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்துக்குக் கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலேயாவிலிருந்தும் மாணவர் வந்து ஓதியதைப் பெரியவர்கள் அறிவார்கள். லக்னோ நகரின் ஃபிரங்கி மஹல்லில் தோன்றிய பஹ்ருல் உலூம் அப்துல் அலி அவர்கள் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து, இங்கேயே பாடம் நடத்தி, 1810-இல் மறைந்து, திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலில் அடங்கியிருக்கிறார்கள். இபுனு பதூதாவோ 1325-இல், இருபத்தொரு வயதில், தாஞ்சியரை விட்டுப் புறப்பட்டவர். நம் மஅபர் கரைக்கும் வந்தார். மதுரையை ஆண்ட சுல்தான் அவருக்கு உறவுமுறை. ஆயினும் பெண்களையும் குழந்தைகளையும் அவன் கொன்ற கொடுமையைக் கண்டு, அதனைக் கூசாமல் எழுதிவைத்தார். நம்மவன் என்பதற்காக மூடி மறைக்கவில்லை. பயணியின் முதற்கடமை அது.

புறப்படுமுன் அந்தப் பிள்ளைக்கு நான் இட்ட நிபந்தனை ஒன்றே. நாள்தோறும் கைப்பேசியில் பேசுவதை வீட்டாரோடு வைத்துக்கொள். எனக்கு மாதம் ஒருமுறை, தாளில், தமிழில், பேனாவால் எழுதிப் படமெடுத்து அனுப்பு என்றேன். அவள் தவறாமல் அனுப்பினாள். அக்கடிதங்களிலிருந்தே இனி எழுதுவது.

அயோவா மாநிலம் அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ளது. கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும். அவள் எழுதிய முதற்குறையே, "ஹஜ்ரத், இங்கே தெருவில் ஆளே இல்லை" என்பது. காலை வெளிச்சத்திற்குமுன் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து வீட்டு வாசலுக்கு வரும். அது நின்று பக்கவாட்டில் சிவப்புப் பலகையை நீட்டினால், எதிரே வரும் வண்டியும் பின்னே வரும் வண்டியும் அப்படியே நின்றுவிடும். ஒரு பிள்ளை ஏறி உட்காரும்வரை எவரும் அசைவதில்லை. லஸ் முனையில் சாலையைக் கடந்து பழகிய பிள்ளைக்கு அது பெரும் வியப்பு. அவளை ஏற்ற வீட்டார், அவள் வருமுன்பே புதிய வாணலி ஒன்றை வாங்கி, அதில் பன்றி இறைச்சி படாதபடி தனியே வைத்திருந்தனர். கேட்டு வாங்கிய வாணலியன்று; அவர்களாகவே படித்துத் தெரிந்துகொண்டு செய்தது. அந்த ஒரு வரியைப் படித்த அவள் தாயார் அழுதுவிட்டதாகக் கேள்வியுற்றேன்.

அக்டோபர் மாதம், அப்பகுதியில் தங்கியிருந்த பரிமாற்ற மாணவர்கள் அனைவரையும் ஒரு பேருந்தில் ஏற்றிச் சுற்றுலா அழைத்துச் சென்றனர். இந்தோனேசியா, எகிப்து, கானா, துருக்கி, கொசோவோ, பாகிஸ்தான் என்று பல நாட்டுப் பிள்ளைகள். கூட்டமாகப் போகும் பயணத்திற்குத் தனி ஒழுங்கு உண்டு. மூவர் சேர்ந்து சென்றாலும் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுமாறு நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பாட்டு வேண்டும் என்பார் ஒருவர், தூங்க வேண்டும் என்பார் மற்றொருவர். ஜன்னலைத் திற என்பார், மூடு என்பார். ஆறு மணி நேரம் ஒரே பேருந்தில் அடைபட்டிருந்தால் எந்த நாட்டவரும் தம் நாட்டுக் கொடியை மறந்து மனிதராகிவிடுகிறார்கள் என்று அவள் எழுதியிருந்தாள்.

பக்கத்து இருக்கை பாகிஸ்தான் பிள்ளைக்கு. அது ஆவலோடு உருதுவில் பேசத் தொடங்க, நம் பிள்ளை விழித்திருக்கிறாள். "நீ முஸ்லிம் என்றாயே, உருது தெரியாதா?" என்று அது கேட்டதாம். முன்னிருக்கை அமெரிக்கப் பையன் திரும்பிப் பார்த்து, "நீ இந்தியாக்காரிதானே, அப்படியானால் இந்து அல்லவா?" என்றானாம். இருவருக்கும் என்ன விடை சொல்வது என்று எனக்கு எழுதிக் கேட்டாள். தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் வெளியே போனால் முதலில் இடிபடும் வாசல் இதுதான்.

நான் விரிவாக எழுதினேன். அரபு வணிகர் கடல்வழி வந்த காலந்தொட்டு இக்கரையில் நாம் இருப்பதையும், நம் தாய்மொழி தமிழே என்பதையும் எடுத்துக்காட்டினேன். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் என்னும் வழக்கு காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் தழைத்ததைக் கூறினேன். 17-ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் பெருமானாரின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடியதையும், பாலைவனத்து மக்காவை வருணிக்க வந்தவர் அதற்குமுன் தமிழ்நாட்டு மழையையும் ஆற்றையும் வயலையும் பாடி வைத்ததையும் எழுதினேன். அவள் அதனைத் தன் பள்ளி வகுப்பில் நின்று விளக்கியிருக்கிறாள். பாகிஸ்தான் பிள்ளை தமிழில் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டதாம். நம் பிள்ளை கொஞ்சம் உருதுவும் கற்றுக்கொண்டாள்.

அந்தப் பேருந்து முதலில் நின்ற இடம் அமானா என்னும் சிற்றூர்க் கூட்டம். ஜெர்மனியிலிருந்து மதக் கெடுபிடிக்கு ஒதுங்கிப் புலம்பெயர்ந்த ஒரு கிறித்தவப் பிரிவினர் 1855-இல் அங்குக் குடியேறி, நிலம், தொழில், உணவு அனைத்தையும் பொதுவில் வைத்து, 1932-வரை அவ்வாறே வாழ்ந்தனர். அவர்களுடைய வழிபாட்டுக்கூடத்தைக் காட்டினார்கள். சிலுவை இல்லை, உருவம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. வெறும் சுவரும் மரப்பலகை ஆசனங்களும். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். வழிபாட்டிற்கு வரும் பெண்கள் தலையில் கறுப்புத் தொப்பியும் தோளில் சால்வையும் அணிவர். பள்ளியில் தலைமுக்காட்டைப் பற்றி எத்தனையோ பேருக்கு விடை சொல்லி அலுத்திருந்த பிள்ளை, அங்கே ஒரு மூதாட்டியிடம் தானே கேள்வி கேட்டிருக்கிறாள். "தலையை ஏன் மறைக்கிறீர்கள்?" என்று. அம்மூதாட்டி சிரித்துக்கொண்டே, "உன்னைக் கேட்டால் நீ என்ன சொல்வாய், அதைத்தான் நானும் சொல்வேன்" என்றாராம்.

அடுத்து நின்றது சீடர் ராப்பிட்ஸ் நகரில். அங்கே ஒரு தெருவில், வீடுகளுக்கிடையே வீடுபோல, பச்சைக் குமிழ் வைத்த சிறிய வெள்ளைக் கட்டடம். 1934-இல் கட்டப்பட்டது. அமெரிக்காவில் பள்ளிவாசலாகவே கட்டப்பெற்று இன்றும் நிற்பவற்றுள் அதுவே மிகப் பழையது. 'தாய்ப் பள்ளிவாசல்' என்று பெயர். லெபனானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் போன ஏழைகள், பண்ணை பண்ணையாக மூட்டை சுமந்து விற்றும் மளிகைக்கடை வைத்தும் சேர்த்த பணத்தில் எழுப்பியது. 1971-இல் பெரிய பள்ளிவாசல் வந்தபின் இது விற்கப்பட்டுப் பல கை மாறிச் சிதைந்தது. பின்னர் 1990-களில் முஸ்லிம்கள் திரும்ப வாங்கிச் செப்பனிட்டனர். பேருந்தை ஓட்டிவந்தவர் ஒரு கிறித்தவர். பிள்ளைகள் லுஹர் தொழுது முடிக்கும்வரை, காலணியைக் கழற்றிவிட்டு, பின்சுவர் ஓரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாராம். "நம் ஊரில் துணிமூட்டை சுமந்து தெருத்தெருவாகப் போகும் பாய்மார்களை எண்ணிக்கொண்டேன், ஹஜ்ரத்" என்று எழுதியிருந்தாள்.

2023 மார்ச்சில் ரமலான் பிறந்தது. பகலுணவு வேளையில் பள்ளி நூலகத்தில் உட்கார இடம் தந்தார்கள். ஒருநாள் அவள் அந்த வீட்டுச் சமையலறையில் நோன்புக் கஞ்சி காய்ச்சினாள். அரிசி, பூண்டு, இஞ்சி, வெந்தயம் எல்லாம் கிடைத்தன. பள்ளிவாசல் அண்டாவின் ருசிதான் கிடைக்கவில்லையாம். வீட்டுப் பாட்டியார் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "உன் தெருவில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் பண்டிகைக்கு என்ன சமைப்பார்கள், சொல்" என்று கேட்டார். அதற்குத் தன்னால் விடை சொல்ல இயலவில்லை என்று அவள் எழுதிய கடிதமே இக்கட்டுரைக்கு வித்து. "பூக்கடை அக்காவைத் தெரியும், காப்பிக்கொட்டைக் கடையைத் தெரியும். எவர் வீட்டுக்குள்ளும் நான் போனதில்லை. அறுபத்துமூவர் திருவிழாவை மொட்டைமாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அறுபத்துமூவர் யார் என்று எவரையும் கேட்டதில்லை. அமானாவில் கேட்டேன், மயிலாப்பூரில் கேட்கவில்லை."

ஜூன் மாதம் ஊர் திரும்பினாள். தொழுகை விடவில்லை, தமிழ் மறக்கவில்லை. எச்சரித்தவர்களுக்குச் சற்று ஏமாற்றந்தான். அடுத்த ரமலானில், 2024 மார்ச்சில், சென்னையில் குடும்பங்களோடு தங்கிப் படித்துவந்த அயல்நாட்டு மாணவர் சிலருக்கு ஒருநாள் நகர்வலம் ஏற்பாடாயிற்று. வழிகாட்டியாக அவளை அழைத்தனர். அவள் என்னையும் அழைத்தாள். இம்முறை பேருந்தில் அவள் உட்கார்ந்தது ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில், கையில் ஒலிபெருக்கியோடு.

காலையில் அடையாறு. பிரம்மஞான சபைத் தோட்டத்தின் பேராலமரத்தைக் காட்டினோம். 1989-இல் அதன் நடு அடிமரம் புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் ஊன்றி நின்றதனால் மரம் வாழ்கிறது. அதே தோட்டத்தில் கோயிலும் தேவாலயமும் பௌத்த ஆலயமும் இருப்பதோடு, சிறியதொரு பள்ளிவாசலும் உண்டு என்பதை நம்மவர்களிலேயே பலர் அறியார்.

பிறகு தியாகராய நகர். பனகல் பூங்காவைச் சுற்றிப் பட்டுக்கடைகளையும் நகைக்கடைகளையும் கண்டு பிள்ளைகள் மலைத்தனர். பேருந்து ஓர் அமைதியான குடியிருப்புத் தெருவைக் கடந்தபோது, நம் பிள்ளை சற்றே பேச்சை நிறுத்தினாள். சில ஆண்டுகளுக்குமுன் அத்தெருவில் ஒரு வீடு வாடகைக்கு என்று கேள்விப்பட்டு அவள் அத்தா போயிருந்தார். வீடு பிடித்துவிட்டது, முன்பணமும் பேசியாயிற்று. பெயரைக் கேட்டபின், "சைவக்காரர்களுக்கு மட்டும்" என்றார்கள். எத்தனை முஸ்லிம் குடும்பங்கள் இச்சொல்லைக் கேட்டுப் படியிறங்கியிருக்கின்றன என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓர் இத்தாலியப் பிள்ளை, "இங்கே வெவ்வேறு மதத்தார் ஒரே தெருவில் வசிப்பார்களா?" என்று கேட்டது. அவள் ஒருகணம் தயங்கி, "சில தெருக்களில் வசிப்பார்கள், சில தெருக்களில் வீடு கிடைப்பது கடினம்" என்றாள். நம் ஊரைப் பற்றி அயலாரிடம் பொய் சொல்லவுமில்லை, பழி தூற்றவுமில்லை. இபுனு பதூதாவின் பள்ளியில் படித்தவள்போல் பேசினாள் என்று எனக்குத் தோன்றியது.

பிற்பகலில் சாந்தோம் தேவாலயம். இன்றைய கட்டடம் 1896-இல் நிறைவுற்றது. தோமையரின் கல்லறை பற்றிய நம்பிக்கை மிகத் தொன்மையானது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய மார்க்கோ போலோ, கிறித்தவரோடு முஸ்லிம்களும் அவ்விடத்தை மதித்து வந்துபோவதாகக் குறித்திருக்கிறார். மாலை நான்கு மணிக்குக் கபாலீசுவரர் கோயில் நடை திறந்ததும் விரும்பியவர்கள் பிராகாரத்தைக் காணச் சென்றனர். நான் மற்றவர்களோடு குளக்கரையில் அமர்ந்திருந்தேன். அக்குளத்திற்குரிய நிலம் ஆர்க்காட்டு நவாப் அளித்தது என்று மயிலாப்பூரில் வழிவழியாகச் சொல்லப்படுவதையும், முஹர்ரம் நாளில் முஸ்லிம்களுக்கு அக்குளத்தில் உரிமை உண்டு என்பதையும் சொன்னேன். அருகில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த அம்மையார் கேட்டுவிட்டு, "எங்க பாட்டி சொல்லுவாங்க, பாய்" என்றார். அறுபத்துமூவர் யார் என்பதையும் அவரே நம் பிள்ளைக்கு விளக்கினார். அயோவாப் பாட்டியாருக்கு விடை கிடைத்துவிட்டது.

நோன்பு திறக்கும் நேரத்திற்குத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலை அடைந்தோம். 1795-இல் எழுந்த கற்கட்டடம். அதன் ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டுப் பாடலை இயற்றியவர் ராஜா மக்கன்லால் கிராத் என்னும் இந்து அறிஞர். முற்றத்தில் வரிசையாக நோன்பாளிகள். நடுவே தலையில் தொப்பி அணிந்து உணவு பரிமாறிக்கொண்டிருந்த தொண்டர்கள். அவர்களைக் காட்டி, "இவர்கள் பள்ளிவாசலைச் சேர்ந்தவர்களா?" என்று மாணவர்கள் கேட்டனர். அவர்கள் மயிலாப்பூர் இராதாகிருஷ்ணன் சாலையிலுள்ள சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் சிந்தி இந்துக்கள். நாட்டுப் பிரிவினையில் சிந்து மாநிலத்திலிருந்து வீடிழந்து வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய பணி. பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு ரமலானிலும் நடந்துவருகிறது. போரைக் கண்ட ஆம்புலன்ஸ்காரர்கள் பிள்ளைகளுக்கு வீடு தேடினார்கள். பிரிவினையில் வீடிழந்தவர் நோன்பாளிக்கு உணவு தேடினார். இழந்தவர்களுக்கே விருந்தின் அருமை தெரிகிறது.

அன்றிரவு பேருந்தை விட்டு இறங்கும்போது ஏற்பாட்டாளர் ஒரு வேண்டுகோள் வைத்தார். வரும் கல்வியாண்டில் அயல்நாட்டு மாணவி ஒருத்தியைச் சில மாதங்கள் தம் வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு முஸ்லிம் குடும்பம் வேண்டும் என்றார். ஜும்ஆவுக்குப்பின் நான் சிலரிடம் பேசினேன். இடமில்லை என்றனர், வயதுக்கு வந்த பையன்கள் இருக்கிறார்கள் என்றனர், அக்கம்பக்கம் என்ன பேசும் என்றனர். எல்லாம் மெய்யான தடைகளே. எவரையும் குறை கூறேன். இறுதியில் முன்வந்தவர் செருப்புக் கடைக்காரரே. இரண்டு அறை வீடு. ஆண்பிள்ளை இல்லாத வீடு. "எனக்கு ஊரில் வீடு தர மறுத்தார்கள், ஹஜ்ரத். ஊர் பெயர் தெரியாத ஒரு வீடு என் மகளுக்குப் பத்து மாதம் சோறு போட்டது. அந்தக் கடனை அங்கே போய் அடைக்க முடியுமா? இங்கேதான் அடைக்க வேண்டும்" என்றார். அந்த ஆண்டு ஒரு தாய்லாந்துப் பிள்ளை பௌத்த வழக்கப்படி கைகூப்பிக்கொண்டு அவ்வீட்டுக்குள் நுழைந்தது. அதற்கெனத் தனி வாணலி ஒன்று வாங்கப்பட்டதா என்று நான் கேட்கவில்லை. அந்தத் தாயாரை நான் அறிவேன்.

மக்கள் பல இனங்களாகப் பிறந்திருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்னும் கருத்தைத் திருமறை நமக்குப் புகட்டுகிறது. அறிந்துகொள்ளுதலைக் குறிக்கும் அரபுச் சொல், இருபுறமும் நிகழும் செயலைக் காட்டும் அமைப்பில் உள்ளது. நான் உன்னை அறிவேன் என்பதும், நீ என்னை அறிவாய் என்பதும் சேர்ந்தே அச்சொல்லின் பொருள் நிறைகிறது. ஒருபக்கம் மட்டும் நிகழ்ந்தால் அது வேடிக்கை பார்த்தல், பரிமாற்றம் ஆகாது.

ஆதலால் பெற்றோர்க்குச் சிலவற்றைக் கூறி முடிக்கிறேன். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை அவரவர் சூழலும் மனச்சான்றும் முடிவு செய்யட்டும். அனுப்புவதாயின், வெறும் பெட்டியை மட்டும் கட்டிக் கொடுக்காதீர்கள். தமிழ் முஸ்லிம் என்றால் யார் என்று கேட்பார்க்கு ஒரு கால்மணி நேரமாவது பேசும் அளவுக்கு வரலாற்றையும் கட்டிக்கொடுங்கள். அனுப்ப இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, பெரம்பூரிலிருந்து மயிலாப்பூர், அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் செல்லும் 29சி பேருந்தில் ஏறுங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்பது 2021-இலேயே நடைமுறைக்கு வந்தது; ஆகவே செலவு ஒரு தடையன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, அங்குள்ளவர்களிடம் ஒரு கேள்வியேனும் கேட்கச் சொல்லுங்கள். கேட்கப்படும் கேள்விக்கு நாணாமல் விடை சொல்லவும் பழக்குங்கள். வீட்டில் ஓர் இலை அதிகம் போட வழியிருந்தால், அண்டை வீட்டுப் பிள்ளைக்கு முதலில் போடுங்கள். நம் வீட்டு வாசலை நாம் திறந்து வைத்தால், மூடிய வாசல்களைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு இன்னும் உறுதியாகும்.

போகும் பிள்ளைகளை அல்லாஹ் காப்பானாக. வரும் பிள்ளைகளுக்கு நம் வீடுகளை விசாலமாக்குவானாக.